மூன்று நெடுவரிசைகள், மூன்று தரவரிசைகள்: பெருந்தொற்று இறப்புகளை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வாசகர் வட்டம் ஒன்றில் கொரோனா பெருந்தொற்றைப் பற்றிப் பேசுவதற்காக ஏழு நாடுகளின் இறப்புக் கணக்கை அட்டவணையாக்கினேன். மொத்த இறப்பு, லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு, நூறு தொற்றாளர்களுக்கு எத்தனை இறப்பு என்று மூன்று நெடுவரிசைகள். மூன்றும் மூன்று விதமான தரவரிசையைத் தந்தன. ஒன்றில் முதலிடத்தில் நிற்கும் நாடு இன்னொன்றில் கடைசிக்குப் போய்விடுகிறது. கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, "ஏழை நாடுகளில் இறப்பு குறைவாக இருந்தது என்பது உண்மையா, அல்லது அங்கே எண்ணவே இல்லையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'மிகை இறப்பு' என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். அதைக் கணக்கிட்டவர்களோ ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள். எந்த நெடுவரிசையை நான் நம்புவது?

பதில்:

அன்புடையீர்,

உங்கள் அட்டவணையில் கணக்குப் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நெடுவரிசைகளும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. அவை ஒத்துப்போகாததில் வியப்பும் இல்லை. மொத்த இறப்பு, எத்தனை வீடுகளில் துக்கம் நேர்ந்தது என்பதைச் சொல்கிறது. மக்கள்தொகை பெரிதாக உள்ள நாடு அதில் மேலே வருவது இயல்பு. லட்சம் பேருக்கான இறப்பு, அந்த மக்கள் தாங்கிய சுமையைச் சொல்ல முயல்கிறது. நூறு தொற்றாளர்களுக்கான இறப்பு, நோயின் கொடுமையைச் சொல்வதுபோல் தோன்றினாலும், எத்தனை பேருக்குச் சோதனை செய்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பல ஆண்டுகளாக இறப்புப் பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பகுதியின் பெயருக்கு எதிரே அச்சாகியிருக்கும் எந்த இறப்பு எண்ணிலும் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள், அங்கே வாழ்பவர்கள் எந்த வயதினர், இறந்தவர்களில் எத்தனை பேர் பதிவேட்டின் கண்ணில் பட்டார்கள். இரண்டு எண்களை அருகருகே வைக்கும்போது முதலாவதை ஒப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, பல நேரங்களில் மூன்றாவதையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2021 மே 31 அன்று பெரு நாட்டு அரசு தன் கொரோனா இறப்புக் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. அதுவரை 69,342 என்றிருந்த எண் 1,80,764 ஆயிற்று. அன்று இரவு அந்த நாட்டில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை; இறந்தவர்கள் ஏற்கெனவே இறந்தவர்கள்தான். சோதனையில் உறுதியானவர்களை மட்டுமே எண்ணிவந்த முறையை மாற்றி, அறிகுறிகளையும் தொடர்புகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு கொரோனாவால் இறந்தவர்கள் என்று கருதத்தக்கவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஆனால் உலகத் தரவரிசையில் அந்த நாடு ஒரே நாளில் உச்சிக்கு வந்தது. முந்தின நாள் அட்டவணை தயாரித்த ஒருவரும் மறுநாள் தயாரித்த ஒருவரும் பெருவைப் பற்றி முற்றிலும் மாறுபட்ட முடிவுகளுக்கு வந்திருப்பார்கள், இருவரும் அரசின் எண்ணையே எடுத்தாண்டிருந்தாலும்.

பெல்ஜியத்தின் கதை இதற்கு மறுபக்கம். 2020ஆம் ஆண்டின் முதல் அலையில், முதியோர் இல்லங்களில் சோதனை செய்யப்படாமலே இறந்தவர்களில் கொரோனா என்று மருத்துவர் ஐயுற்றவர்களையும் பெல்ஜியம் தன் தினசரிக் கணக்கில் சேர்த்தது. அண்டை நாடான நெதர்லாந்து தன் தினசரி அறிக்கையில் சோதனையில் உறுதியானவர்களை மட்டுமே காட்டியது. அதன் விளைவாக அந்த வசந்த காலத்தில், மிகச் சிறிய நாடுகளை விட்டுவிட்டால், லட்சம் பேருக்கான இறப்பில் பெல்ஜியமே உலகில் முதலிடத்தில் நின்றது. மோசமாகக் கையாண்ட நாடு என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. பிற்பாடு எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் எண்ணிக்கை வந்து சேர்ந்தபோது, அந்த அலையில் பெல்ஜியம் அறிவித்த கொரோனா இறப்புகள் உண்மையான கூடுதல் இறப்புகளோடு ஏறக்குறையப் பொருந்தின. நேர்மையாக எண்ணியதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் அதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. இங்கிலாந்திலோ 2020 ஆகஸ்ட் வரை, எப்போதோ ஒருமுறை தொற்று உறுதியான ஒருவர் பின்னர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் தினசரிக் கணக்கில் ஏறினார். சோதனைக்குப் பின் 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு என்று வரையறையைச் சுருக்கியதும் கணக்கிலிருந்து 5,000க்கும் மேற்பட்டவர்கள் நீங்கினார்கள். இப்படி ஒவ்வொரு நாட்டின் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வரையறை இருக்கிறது. அதைப் பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடுவது, ஒருவர் முழத்தில் அளந்ததையும் மற்றவர் கஜத்தில் அளந்ததையும் அருகருகே வைத்து எது நீளம் என்று கேட்பது போன்றது.

மூன்றாவது நெடுவரிசையை எடுத்துவிடும்படி தயக்கமின்றிச் சொல்வேன். நூறு தொற்றாளர்களுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கில் வகுக்கும் எண்ணாக இருப்பது, கண்டுபிடிக்கப்பட்ட தொற்றாளர்களின் எண்ணிக்கை. 2020 மார்ச் இறுதியில் இந்தக் கணக்குப்படி இத்தாலியில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். ஜெர்மனியில் ஒன்றைச் சுற்றியே இருந்தது. ஒரே கிருமி, ஒரே கண்டம், தரமான மருத்துவமனைகள் இரண்டு நாடுகளிலும் இருந்தன. ஜெர்மனி இளவயதினரையும் இலேசான அறிகுறி உள்ளவர்களையும் ஏராளமாகச் சோதித்தது. இத்தாலியில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த முதியவர்களே பெரும்பாலும் சோதிக்கப்பட்டார்கள். கண்ணுக்குப் படாத தொற்று எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு, பெருந்தொற்றின் தொடக்கத்தில் தொற்று பரவிய டைமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பல் நல்ல சாட்சி. அதில் இருந்த 3,711 பேரில் ஏறக்குறைய எல்லாருக்கும் சோதனை நடந்தது. 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சோதனை நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. கப்பலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சோதிக்கலாம். நாட்டில் அது முடியாது. மேலும் தொற்று உறுதியாகி இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே பெரும்பாலான இறப்புகள் நேர்கின்றன என்பதால், அலை ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த விகிதம் குறைத்தும், இறங்கும்போது கூட்டியும் காட்டும். பகுதிகளை ஒப்பிடுவதற்கு இது உதவாது.

இனி வயது. இந்த நோயில் வயதைப் போல எதுவும் இறப்பைத் தீர்மானிக்கவில்லை. தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த ஒரு மதிப்பீட்டின்படி, தொற்றியவர்களில் இறப்பவர்களின் விகிதம் 10 வயதில் 0.002 விழுக்காடு, 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15 விழுக்காடு. பத்து வயதுச் சிறுவனுக்கும் எண்பத்தைந்து வயது முதியவருக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு. ஜப்பானில் ஏறக்குறையப் பாதிப் பேர் 48 வயதைக் கடந்தவர்கள். நைஜரில் ஏறக்குறையப் பாதிப் பேர் 15 வயதை எட்டாதவர்கள். இவ்விரு நாடுகளிலும் எல்லாருக்கும் தொற்றியிருந்தால்கூட, லட்சம் பேருக்கான இறப்பு ஒன்றாக இருக்க வழியே இல்லை.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நீங்கள் ஆசிரியர் என்பதால் கரும்பலகையில் போட்டுக் காட்டவும் உதவும். தலா பத்து லட்சம் பேர் வாழும் இரண்டு பகுதிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் பகுதியில் 65 வயதைக் கடந்தவர்கள் இரண்டு லட்சம். இரண்டாவது பகுதியில் நாற்பதாயிரம் மட்டுமே. முதல் பகுதியில் இளையவர்களில் லட்சத்துக்கு 50 பேரும் முதியவர்களில் லட்சத்துக்கு 1,000 பேரும் இறந்தார்கள் என்று கொள்வோம். இளையவர்கள் எட்டு லட்சத்தில் 400 இறப்பு, முதியவர்கள் இரண்டு லட்சத்தில் 2,000 இறப்பு, ஆக மொத்தம் 2,400. இரண்டாவது பகுதியில் மருத்துவ வசதி மோசம். ஒவ்வொரு வயதிலும் ஆபத்து இரு மடங்கு, அதாவது இளையவர்களில் லட்சத்துக்கு 100, முதியவர்களில் லட்சத்துக்கு 2,000. அங்கே 960 இளையவர்களும் 800 முதியவர்களும் இறப்பார்கள், மொத்தம் 1,760. உங்கள் இரண்டாவது நெடுவரிசையில் முதல் பகுதிக்கு லட்சத்துக்கு 240 என்றும் இரண்டாவது பகுதிக்கு 176 என்றும் பதிவாகும். ஒவ்வொரு வயதிலும் இரு மடங்கு ஆபத்தில் வாழ்ந்த மக்கள், அட்டவணையில் பாதுகாப்பானவர்களாகத் தோன்றுவார்கள். இரண்டு பகுதிகளிலும் பத்தில் ஒருவர் முதியவர் என்று ஒரு பொதுவான வயதமைப்பைக் கற்பித்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டால் முதல் பகுதிக்கு 145, இரண்டாவதற்கு 290 என்று வரும். உண்மை நிலவரம் இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கணக்கைத்தான் வயதுச் சீராக்கம் என்கிறோம். பள்ளிக் கணிதத்துக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. வேண்டியதெல்லாம் வயதுவாரியாகப் பிரித்த இறப்பு எண்ணிக்கை. அது எல்லா நாடுகளிலிருந்தும் கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

உங்களைக் குழப்பிய மிகை இறப்புக்கு வருகிறேன். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், 1847ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சாவால் லண்டனில் நேர்ந்த இழப்பை இதே முறையில் அளந்தார். வழக்கமான காலத்தில் இத்தனை பேர் இறந்திருப்பார்கள், ஆனால் இத்தனை பேர் இறந்தார்கள். இடைப்பட்டது கொள்ளைநோயின் கணக்கு. யாருக்குச் சோதனை நடந்தது, மருத்துவர் சான்றிதழில் எதை எழுதினார் என்ற கேள்விகளே இதில் எழுவதில்லை என்பது இதன் பெரிய பலம். சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் மாரடைப்பில் இறந்தவர்களும் இதில் வந்துவிடுவார்கள். ஊரடங்கால் நடக்காமல் போன சாலை விபத்து இறப்புகளும், பரவாமல் போன சளிக்காய்ச்சல் இறப்புகளும் கழிந்துவிடும். 2020இல் நியூசிலாந்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள். அங்கே மிகை இறப்பு சுழியத்துக்கும் கீழே போனது. ஆகவே இந்த எண்ணைக் 'கொரோனாவால் இறந்தவர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். பெருந்தொற்றுக் காலம் ஒரு மக்கள்தொகையிடமிருந்து பறித்துக்கொண்ட நிகர அளவு அது.

ஆளுக்கொரு எண் வருவதற்குக் காரணம், 'வழக்கமான காலத்தில் இத்தனை பேர்' என்ற பகுதியை யாரும் கண்ணால் பார்க்க முடியாது என்பதே. 2015 முதல் 2019 வரையிலான சராசரியை எடுத்துக்கொண்டால், முதியவர்கள் பெருகிவரும் நாட்டில் கொள்ளைநோயே வராவிட்டாலும் இறப்பு அந்தச் சராசரியைத் தாண்டித்தான் இருக்கும். மிகை இறப்பு ஊதிப்பெருகிக் காட்டும். முந்தைய ஆண்டுகளில் இறப்பு கூடியோ குறைந்தோ வந்த போக்கைக் கணித்து நீட்டினால், கடைசி ஓரிரு ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் முழுக் கணிப்பையும் ஒரு பக்கமாக இழுத்துவிடக்கூடும். உலகச் சுகாதார நிறுவனமே இதில் இடறியிருக்கிறது. 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில் ஜெர்மனியின் எண் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாகவும் ஸ்வீடனின் எண் குறைவாகவும் இருப்பதைப் புள்ளியியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நிறுவனம் தன் முறையை ஆராய்ந்து ஜெர்மனியின் எண்ணைக் குறைத்தும் ஸ்வீடனின் எண்ணைக் கூட்டியும் திருத்தியது. இவ்வளவுக்கும் இரண்டும் சிறந்த பதிவேடுகள் உள்ள நாடுகள். அதே மதிப்பீட்டின்படி 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் மிகை இறப்பு 1.49 கோடி, உண்மை எண் 1.33 கோடிக்கும் 1.66 கோடிக்கும் இடையில் இருக்கலாம் என்று வரம்பும் தரப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நாடுகள் அறிவித்த கொரோனா இறப்புகளின் கூட்டுத்தொகை 54 லட்சம் மட்டுமே. வேறொரு ஆய்வுக் குழு அதே காலத்துக்கு 1.82 கோடி என்றது. இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே 33 லட்சம் உயிர்கள் வேறுபடுகின்றன என்பது உறுத்தத்தான் செய்யும். ஆயினும் அறிவிக்கப்பட்ட எண் உண்மையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதே என்பதில் இரண்டும் ஏறக்குறைய உடன்படுகின்றன. ஒப்பிட முனைபவருக்கு அந்த உடன்பாடு முக்கியம்.

இந்தியாவின் எண்ணே இதில் அதிக விவாதத்துக்கு உள்ளானது. 2021 இறுதிவரை அரசு அறிவித்தது 4.81 லட்சம், உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். கணித மாதிரியைக் கொண்டு இவ்வளவு பெரிய நாட்டுக்கு எண் சொல்வதை இந்திய அரசு ஏற்கவில்லை. பிற்பாடு வெளியான குடிமைப் பதிவுக் கணக்குப்படி, நாட்டில் பதிவான இறப்புகள் எல்லாக் காரணங்களையும் சேர்த்து 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியிருக்கிறது. இதை அப்படியே மிகை இறப்பு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆண்டுக்காண்டு பதிவு செய்யும் பழக்கம் பெருகிவருவதால் ஒரு பகுதி உயர்வு அதனாலும் வந்திருக்கும், பதிவே ஆகாமல் போன இறப்புகளும் இருக்கும். இரண்டு திசைகளிலும் இழுக்கும் இந்தப் பிழைகளைத் தாண்டியும், 4.81 லட்சம் என்ற எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது பொருத்தமில்லை என்பது என் முடிவு.

இப்போது உங்கள் நண்பரின் கேள்விக்கு வரலாம். அவர் 'உண்மையா, எண்ணவில்லையா' என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறார். இரண்டுமே உண்மை என்பதுதான் பதில், அவற்றின் விகிதம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் மக்கள் மிக இளையவர்கள். அந்த ஒரு காரணத்தாலேயே லட்சம் பேருக்கான இறப்பு அங்கே உண்மையாகவே குறைந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் நேரும் இறப்புகளில் பத்துக்கு நான்கு பதிவாவதே இல்லை. ஆப்பிரிக்க வட்டாரத்தில் பத்தில் ஒன்றே பதிவாகிறது. ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிணவறைக்கு வந்த 364 உடல்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். எவ்வளவு நுட்பமாகத் தேடினார்கள் என்பதைப் பொறுத்து, ஆறில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையிலான உடல்களில் கிருமி இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். உயிரோடு இருந்தபோது சோதனை செய்யப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஓரளவு நல்ல பதிவேடு உள்ள தென்னாப்பிரிக்காவில் அறிவிக்கப்பட்ட கொரோனா இறப்புகள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. அங்கே வாரந்தோறும் கணக்கிடப்பட்ட மிகை இறப்போ மூன்று லட்சத்தைக் கடந்தது. எண்ணத் தெரிந்த இடத்திலேயே இந்த இடைவெளி என்றால், பதிவேடு இல்லாத இடங்களில் வந்த சிறு எண்களை நம்பி ஒரு தரவரிசை அமைக்க நான் துணியமாட்டேன்.

எண்ணை அனுப்பாத நாடுகளும் உண்டு. துர்க்மெனிஸ்தான் ஒரு தொற்றுகூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. தான்சானியா 2020 மே மாதத்தில் 509 தொற்று, 21 இறப்பு என்ற கணக்கோடு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டு, ஓராண்டுக்கும் மேலாக அந்த எண்ணிலேயே நின்றது. இத்தகைய நாடு உங்கள் ஏழில் இருந்தால், அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதாமல் 'தரவு இல்லை' என்று எழுதுங்கள். சுழியமும் வெற்றிடமும் ஒன்றில்லை என்பதை வகுப்பறையில் நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள்.

காலக்கெடுவையும் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அட்டவணையை எந்தத் தேதியில் நிறுத்துகிறோம் என்பதே சில நேரங்களில் முடிவை மாற்றிவிடுகிறது. ஹாங்காங்கில் 2021 இறுதிவரை கொரோனாவால் இறந்தவர்கள் 213 பேர் மட்டுமே. உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட இடம் அது. 2022இன் முதல் சில மாதங்களில் வந்த ஐந்தாவது அலையில், தடுப்பூசி போட்டுக்கொள்ளாத முதியவர்கள் ஏராளமாக இருந்த அந்த நகரத்தில் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020, 2021 மதிப்பீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அலை கண்ணிலேயே படாது.

பகுதி எவ்வளவு பெரியது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சான் மரினோவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 34,000 பேர். ஒருவர் இறந்தாலே லட்சத்துக்கு மூன்று என்று கணக்கு ஏறும். எதிர்ப்பக்கத்தில், பெரிய நாட்டின் சராசரி அதற்குள் இருக்கும் பேரழிவை மறைத்துவிடும். 2020 மார்ச்சில் இத்தாலி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 49 விழுக்காடு கூடியிருந்தது. பெர்காமோ மாகாணத்தை மட்டும் பார்த்தால் 568 விழுக்காடு. மாவட்டங்களையோ நகரங்களையோ ஒப்பிடும் எண்ணம் உங்களுக்குப் பின்னர் வந்தால், இறப்பு நேர்ந்த இடத்தைக் கொண்டு எண்ணினார்களா, இறந்தவர் வாழ்ந்த இடத்தைக் கொண்டு எண்ணினார்களா என்பதை முதலில் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரம் சுற்றுவட்டாரம் முழுவதன் இறப்புகளையும் தன் பெயரில் ஏற்றுக்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் படித்தபின், நேர்மையான ஒப்பீடு என்று ஒன்று உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்டு, நான் மாணவர்களுக்குச் சொல்லும் எடுத்துக்காட்டு நூறாண்டுகளுக்கு முந்தையது. 1918 நவம்பர் 7 அன்று, ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட டாலூன் என்ற கப்பல், நோயாளிகள் ஏறியிருந்த நிலையிலேயே, நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவாவின் அபியா துறைமுகத்தில் தனிமைப்படுத்தலின்றி நின்றது. அடுத்த சில வாரங்களில் அத்தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 8,500 பேர், இன்ஃப்ளூயன்சாவுக்குப் பலியானார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கடுமையான கடல்வழித் தனிமைப்படுத்தலை விதித்தார். அங்கே அந்த நோயால் ஓர் இறப்பும் நேரவில்லை. இரண்டிடத்திலும் ஒரே இன மக்கள், ஒரேவிதமான வாழ்க்கை, ஒரே காலம். வேறுபாடு மிகப் பெரியது என்பதால் பதிவேட்டின் சிறு பிழைகள் அதைத் தொட முடியாது. ஒப்பிடுவதற்கு உரிய இணை என்றால் இப்படி இருக்க வேண்டும். அதே கொள்ளைநோயை உலக அளவில் கணக்கிட முனைந்தவர்களோ 1.7 கோடி முதல் 5 கோடி வரை, ஏன், 10 கோடி வரைகூடச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் அதன் அடையாளம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது: 1911இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.13 கோடியாகக் குறைந்தது. பதிவேடு தவறவிட்டதைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தலைக்கணக்கு காட்டிக்கொடுத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு இன்ஃப்ளூயன்சாவால், எவ்வளவு பஞ்சத்தாலும் பிளேக்காலும் என்று பிரிப்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆகவே உங்கள் அட்டவணைக்கு என் யோசனை இது. மொத்த இறப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கொண்டு வரிசைப்படுத்தாதீர்கள். லட்சம் பேருக்கான அறிவிக்கப்பட்ட இறப்பும் இருக்கட்டும். அதை அடுத்து மிகை இறப்பை இரண்டு விதமாகக் காட்டுங்கள்: லட்சம் பேருக்கு எவ்வளவு, எதிர்பார்த்த இறப்பில் எத்தனை விழுக்காடு கூடுதல். இரண்டாவது வடிவத்தைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளையோர் நிறைந்த நாட்டில் வழக்கமான இறப்பே குறைவு என்பதால், லட்சத்துக்கு ஒரே அளவு மிகை இறப்பு அங்கே மருத்துவமனைகளையும் இடுகாடுகளையும் திணறடித்துவிடும். பெருவில் அந்த இரண்டு ஆண்டுகளில் எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பேர் இறந்தார்கள் என்று சொல்லும்போது அங்கே நடந்தது என்ன என்பது கேட்பவருக்கு உறைக்கும். ஒற்றை எண்ணை எழுதாமல் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு நாடுகளின் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அவற்றை ஒரே குழுவில் வையுங்கள், எது முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லா நாடுகளுக்கும் ஒரே அமைப்பின் மதிப்பீட்டையே எடுங்கள். ஒரு நாட்டுக்கு ஒருவரிடமிருந்தும் மற்ற நாட்டுக்கு வேறொருவரிடமிருந்தும் எடுத்தால் இவ்வளவு நேரம் நான் எழுதியது வீணாகிவிடும். கடைசி நெடுவரிசையில் அந்த நாட்டில் இறப்புகள் எந்த அளவுக்குப் பதிவாகின்றன என்பதைச் சொற்களிலேயே எழுதிவிடுங்கள்: 'ஏறக்குறைய முழுமை', 'பகுதியளவு', 'மிகக் குறைவு'. மேடையில் பேசும்போது கண்கள் முதலில் அந்த நெடுவரிசைக்குப் போகும்படி வையுங்கள்.

கடுமை என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆளுகிறீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்பத்தைந்து வயதில் ஒருவர் இறப்பதும் மூன்று குழந்தைகளின் தாய் முப்பத்தைந்து வயதில் இறப்பதும் உங்கள் அட்டவணையில் தலா ஒன்று. இழந்த ஆயுள் ஆண்டுகளைக் கணக்கிட்டால் இளையோர் அதிகம் இறந்த நாடுகள் மேலே வரும். அது தவறும் இல்லை, அதுவே சரி என்றும் இல்லை. எந்த இழப்பைப் பெரிதென்று கொள்வது என்பதில் புள்ளியியல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அரசு நன்றாகக் கையாண்டதா என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், வயதுச் சீராக்கம் செய்த எண்ணைப் பாருங்கள். மக்கள் பட்ட பாடு எவ்வளவு என்பது கேள்வியாக இருந்தால், சீராக்காத மிகை இறப்பே போதும். முதியவர்கள் நிறைந்த நாட்டில் உண்மையாகவே அத்தனை பேர் இறந்தார்கள், அவர்களைச் 'சீராக்கி' விலக்கிவிடக் கூடாது.

உங்கள் ஏழு நாடுகள் எவை என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. அவற்றில் நான்குக்காவது மாதவாரியான மொத்த இறப்பு எண்ணிக்கை பொதுவெளியில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். 2015 முதல் 2019 வரையிலான எண்களையும் சேர்த்து எடுத்து, முதலில் அந்த நான்குக்கு மட்டும் மிகை இறப்பை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சராசரியைக் கொண்டு ஒருமுறை, போக்கை நீட்டி ஒருமுறை. இரண்டு முறையிலும் வரிசை மாறாமல் நின்றால் அதை அடுத்த கூட்டத்தில் தயங்காமல் காட்டலாம். மாறினால், எந்த நாட்டில் மாறியது என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.